வளவுக்குள் வெள்ளம்: எந்தக் கந்தோருக்கு எழுதுவது?

போன மாரியில் ஒரு அக்கா நாலு கந்தோர் ஏறி இறங்கியதைக் கூடவே நின்று பார்த்தேன். வளவுக்குள் முழங்காலளவு தண்ணீர். மலசலகூடக் குழி நிரம்பி, கிணற்றடி வரை நாற்றம். நனையாமல் சொப்பிங் பைக்குள் சுற்றி வைத்திருந்த மனுவை ஒவ்வொரு மேசையிலும் பிரித்துக் கொடுத்தார். "இது எங்கட பொறுப்பில்லை அம்மா" என்று திருப்பித் தந்தார்கள். யாருடைய பொறுப்பு என்று ஒருவரும் எழுதித் தரவில்லை.

அதனால் மனு எழுதமுதல், தண்ணீர் எந்த மதகில் தடைப்படுகிறது என்று நடந்து பாருங்கள். இலங்கையில் ஏ-9 போன்ற ஏ, பி தரப் பெருவீதி ஓரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி தரம் என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். ஊர் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. குளம் நிரம்பி வான் பாயும் தண்ணீர் என்றால் குளத்தைப் பாருங்கள்: 200 ஏக்கர் வயல் வரை பாயும் சின்னக் குளங்கள் கமநல சேவை நிலையத்துக்கு, பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. பிரதேச சபையும் பிரதேச செயலகமும் வேறு வேறு: முதலாவது தேர்தலில் தெரிவாகும் உள்ளூராட்சிச் சபை, மற்றது அரசாங்க நிர்வாகக் கந்தோர். இதில் மாறி நின்றே பலருக்கு அரைநாள் போகிறது.

"உங்கட ஒழுங்கை சபையின்ர பட்டியலில் இல்லை" என்பார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த பல ஒழுங்கைகளுக்கு இந்தப் பதில்தான். அப்படியென்றால் வாய்க்கால் கேட்டு அலையாதீர்கள். ஒழுங்கையைப் பட்டியலில் சேர்க்கும்படி அயலவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு முதல் கடிதத்தைக் கொடுங்கள். அடுத்த பதில், "வாய்க்கால் தனியார் காணிக்குள்ள போகுது." யாரோ மண் போட்டு நிரப்பி மதிலும் கட்டியிருப்பார்கள். அந்த மதிலுக்குச் சபை அனுமதி கொடுத்ததா என்று எழுத்தில் கேளுங்கள். நில அளவைப் படத்தில் வாய்க்கால் இருக்கிறதா என்பதைப் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள்.

"வச்சிட்டுப் போங்கோ" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபால். அதற்கும் அசையாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் பதில் தரவேண்டும். நீட்டி எழுதவேண்டாம்: "இந்த மதகு உங்கள் பராமரிப்பில் உள்ளதா?" என்பது போதும். "இல்லை" என்று எழுத்தில் வந்தாலும் நல்லதுதான், அதைக் காட்டி அடுத்த கந்தோரில் கேட்கலாம்.

இன்னொன்று, வெள்ளம் வந்தபிறகு எழுதினால் "நிதி இல்லை" என்ற பதில்தான் வரும். சபையின் அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் வருடம் முடியமுதல் நிறைவேறிவிடும். ஆவணியிலேயே, வெய்யில் காயும்போதே மனு போகவேண்டும். போன மாரியில் எடுத்த படங்களையும் இணையுங்கள்.

கிணற்றுக்கு மட்டும் எந்தப் பதிலுக்கும் காத்திராதீர்கள். குழித் தண்ணீர் கலந்திருக்கும் என்று சந்தேகம் வந்த அன்றே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், பி.எச்.ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிணற்றுக்குக் குளோரின் போடச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம், பிள்ளைகளுக்கு வாய் கொப்பளிக்கவும் கொடுக்கவேண்டாம்.