குரோமோசோம் ரிப்போர்ட் வருவதற்குள் வம்சத்தை விசாரிக்காதீர்கள்

உடல், அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கிற டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி நிலையோடு குழந்தை பிறந்தால் எங்கள் பக்கத்தில் வைத்தியத்துக்கு முன்னாலேயே விசாரணை ஆரம்பித்துவிடும். மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் என்று எந்த ஊர்க்காரர்கள் வந்தாலும் பேச்சு ஒன்றுதான். பையன் வீட்டார் "எங்க வழியில இப்படி யாருமே இல்லீங்க" என்பார்கள், பெண்ணைப் பெற்றவள் கிரகணத்தன்று மகள் வாசலுக்கு வந்ததைச் சொல்லி அழுவாள், பெரியப்பா ஒருவர் "சொந்தத்துல கட்டாதீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்பார். இத்தனைக்கும் நடுவில் பிள்ளை பெற்று நாலு நாள்கூட ஆகாத அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். குழந்தை மருத்துவராக எனக்கு மிகவும் வலிக்கிற இடம் அதுதான்.

மரபணுக்களைச் சுமக்கிற நூல் போன்ற குரோமோசோமில் கோளாறு இருந்தாலே அது பரம்பரையாக வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை, சிலருக்கு மட்டும் அப்படி. நீங்கள் எந்த வகை என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும், ஆனால் "முகத்தைப் பார்த்தாலே தெரியுதே, அப்புறம் எதுக்கு டெஸ்ட்" என்று அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்களிலும் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கின்றன. (இந்த எண்ணிக்கையே 1956இல்தான் உறுதியானது, அதுவரை 48 என்று நம்பியிருந்தார்கள். டவுன் சிண்ட்ரோமில் 21ஆவது குரோமோசோம் கூடுதலாக இருப்பது 1959இல் தெரியவந்தது.) தோல் வளர, புண் ஆற நடக்கும் சாதாரண செல் பிரிதலில் 46ம் அப்படியே நகலாகிவிடும். கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது மட்டும் ஜோடிகள் பிரிந்து ஆளுக்கு 23 என்று பாதியாக வேண்டும். ஆண்களுக்கு இது வயதுக்கு வந்த பிறகு தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கும். பெண்ணுக்கோ, அவள் தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே முட்டைகள் பிரிய ஆரம்பித்து, பாதியில் நின்றுவிடும். நின்றது மறுபடி தொடர்வது அந்த முட்டை வெளியேறப் போகிற மாதத்தில்தான், அதாவது இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து. அவ்வளவு காலம் ஜோடிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிற புரதம் தளர்ந்துபோகிறது, 21ஆவது ஜோடி சரியாகப் பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குள் போய்விடுகின்றன, அப்பாவிடமிருந்து வருகிற ஒன்றும் சேர்ந்து மூன்றாகிவிடுகிறது.

டவுன் சிண்ட்ரோமில் 95 சதவீதம் இப்படிப் பிரிதலில் நேர்கிற பிசகால் வருவதுதான், அதுவும் பெரும்பாலும் முட்டையில். கிரகணமோ, பப்பாளியோ, யார் விட்ட சாபமோ இதற்குக் காரணம் இல்லை, சொந்தத்தில் கட்டியதும் காரணம் இல்லை. வயதுக்குப் பங்கு உண்டு: தாய்க்கு 30 வயதில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று என்றிருக்கும் வாய்ப்பு 35இல் 350க்கு ஒன்றாகவும், 40இல் 100க்கு ஒன்றாகவும் கூடுகிறது. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான பிரசவம் முப்பதுக்குள்ளேயே நடந்துவிடுவதால் நான் பார்க்கிற அம்மாக்களில் பலர் இளம் வயதுக்காரர்கள். அதனால் "சின்னப் பொண்ணுதானே, ஸ்கேன் எதுக்கு" என்று யாரும் விட்டுவிட வேண்டாம்.

பரிசோதனையின் பெயர் கேரியோடைப்பிங். குழந்தையிடமிருந்து இரண்டு மூன்று மில்லி ரத்தம் எடுத்து, லேபில் மூன்று நாள் போல வளர்த்து, வெள்ளணுக்கள் பிரிந்துகொண்டிருக்கும்போது கோல்ச்சிசின் வகை மருந்தைப் போட்டு அப்படியே நிறுத்துவார்கள். பிரிகிற நேரத்தில்தான் குரோமோசோம்கள் தனித்தனியாகக் கண்ணுக்குப் படும். இந்தக் கோல்ச்சிசின் நம் வேதாரண்யம் பக்கத்துச் செங்காந்தளில் இருப்பதுதான், கண்வலிக்கிழங்கு விதையை வியாபாரிகள் வாங்கிப்போவதும் இந்தக் கோல்ச்சிசினுக்காகத்தான். அப்புறம் படம் எடுத்து, ஜோடி ஜோடியாக அடுக்கி அச்சிட்டுத் தருவார்கள்.

ஒருமுறை அந்தத் தாளைக் குழந்தையுடைய அம்மாவின் மாமனார் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு ஜோடியாக எண்ணிக்கொண்டு போனவர் 21இல் நின்றார். "இங்க மூணு இருக்கே டாக்டர். இது யார் வீட்டுக் கணக்கு?" "யார் வீட்டுக் கணக்கும் இல்லீங்கய்யா, முட்டை பிரியும்போது நடந்த பிசகு. உங்க மருமக செஞ்சதோ செய்யாம விட்டதோ எதுவும் இல்லை" என்றேன். இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு மருமகளிடம் தாளை நீட்டி, "நீயும் பாரும்மா" என்றார்.

அந்த 95 போக மீதியில் மூன்று, நான்கு சதவீதம் பேர் வேறு வகை. இவர்கள் ரிப்போர்ட்டில் எண்ணிக்கை 46 என்றே இருக்கும், ஆனால் கூடுதலான 21 இன்னொரு குரோமோசோமோடு, பெரும்பாலும் 14ஓடு, ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு இடமாற்றம், அதாவது டிரான்ஸ்லொகேஷன் என்று பெயர். இந்த வகை வந்தால் அப்பா, அம்மா இருவருக்கும் கேரியோடைப்பிங் கட்டாயம். பெற்றோரில் ஒருவர், இரண்டு ஒட்டி ஒன்றாக இருப்பதால், 45 குரோமோசோமோடு நன்றாக நடமாடிக்கொண்டிருக்கலாம், அவருக்கே தெரியாது. அம்மாவிடம் அது இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வர 10 முதல் 15 சதவீதம் வாய்ப்பு, அப்பாவிடம் இருந்தால் அதைவிடக் குறைவு. பெற்றோரில் ஒருவரிடமே 21ஓடு 21 ஒட்டியிருந்தால் உயிரோடு பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் வரும். இருவரிடமும் இல்லையென்றால் அடுத்த குழந்தையைப் பற்றிய பயம் வெகுவாகக் குறைந்துவிடும். சாதாரண வகைக்கும் பொதுவாக ஒரு சதவீதம் போலத்தான்.

திரும்பத் திரும்பக் கரு கலைகிற தம்பதிகளில் சிலருக்கும் காரணம் இந்த ஒட்டல்தான். திருக்கருகாவூர் போய்விட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது, அம்பாளை வேண்டிக்கொள்ளுங்கள், கூடவே கணவன் மனைவி இருவரும் இந்த ரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். மனைவிக்கு மட்டும் செய்தால் பாதி வேலைதான்.

சரி, சொந்தத்தில் கட்டுவது? அந்தப் பெரியப்பா சொன்னது வேறு நோய்களுக்குப் பொருந்தும். தலசீமியா எனும் ரத்தக் கோளாறு, தசைகள் வலுவிழக்கும் எஸ்எம்ஏ, பிறவிச் செவிட்டுத்தன்மையில் சில வகைகள் எல்லாம் ஒற்றை மரபணுவில் வருகிற கோளாறுகள். அத்தை மகள், மாமன் மகளோடு எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் பொது, அக்கா மகளோடு நாலில் ஒரு பங்கு. ஒரே பழுதை இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம் வாய்ப்பு, மூத்தது பாதிக்கப்பட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. முக்கியமாக, இவர்களுக்குக் கேரியோடைப்பிங் நார்மல் என்றே வரும். அதைப் பார்த்து நிம்மதியாகப் போய்விடாதீர்கள், இதற்குத் தனியாக மரபணுப் பரிசோதனை வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும், ஸ்டெதஸ்கோப் வைத்தால் சத்தம் எதுவும் கேட்காமலும் இருக்கலாம். பிறந்த வாரங்களிலேயே இதயத்தை ஸ்கேன் செய்கிற எக்கோ, தைராய்டு, காது கேட்கும் பரிசோதனை மூன்றையும் முடித்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே செலவில்லாமல் கிடைக்கும்.

அடுத்து கர்ப்பமானால் பத்து வாரத்துக்குள் பழைய ரிப்போர்ட்டோடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் பின்கழுத்தில் உள்ள நீரை அளக்கிற என்டி ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் தாயின் ரத்தத்தில் கலந்திருக்கிற கருவின் டிஎன்ஏவைப் பார்க்கிற என்ஐபிடி. இவை சந்தேகத்தை மட்டும் சொல்லும், உறுதிப்படுத்த 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆணா பெண்ணா என்று எந்தப் பரிசோதனையிலும் சொல்ல மாட்டார்கள், சொல்வது சட்டப்படி குற்றம். இடமாற்ற வகை என்று வந்த வீட்டில், அதைச் சுமக்கிறவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் ரிப்போர்ட்டின் நகல் ஒன்று கொடுத்துவையுங்கள், அவர்கள் குழந்தை பெற்றுக்கொள்வதற்கு முன் பார்த்துக்கொள்ள அந்த ஒரு தாள் போதும்.