சுங்கம்: பாலத்தில் கொடுப்பதும் துறைமுகத்தில் கட்டுவதும்

பினாங்கில் ‘சுங்கம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பாலத்தில் டோல் வாங்கும் இடம் சுங்கச்சாவடி. ஜார்ஜ்டவுன் கடற்கரையோரம் மணிக்கூண்டோடு நிற்கும் கஸ்தம் கட்டடமும் சுங்கத்துறைதான். பேச்சில் டோல், கஸ்தம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறோம். எழுத உட்கார்ந்தால்தான் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

சமற்கிருத ‘சுல்க’, பிராகிருத ‘சுங்க’ வழியாகத் தமிழில் சுங்கம் ஆனது. அதற்கும் முன்னால் அதே சொல் ‘உல்கு’ என்ற உருவில் வந்து சேர்ந்திருந்தது. பழந்தமிழ் சொல்முதல் சகரத்தை உதிர்த்துவிடும். சிரவணம் ஓணம் ஆனதும் அப்படித்தான். அரசனின் வருவாயை ‘உறுபொருளும் உல்குபொருளும்’ என்று எண்ணத் தொடங்குகிறது குறள் (756). பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் காவலர்கள் கடலில் வந்த சரக்குக்கும் கடலுக்குப் போகும் சரக்குக்கும் புலிமுத்திரை குத்தி வெளியே விடுகிறார்கள். உல்கு விழுந்தது பண்டத்தின் மேல்.

முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர். பினாங்கும் நெடுங்காலம் சுங்கம் தவிர்த்த துறைமுகமாக இருந்ததுதான். 1969இல் அந்தத் தகுதி போயிற்று.

பாலத்தில் நாம் கொடுப்பது வரியே அல்ல, கட்டணம். தீவுப் பக்கம் போகும்போது மட்டும்தான் வாங்குகிறார்கள். காருக்கு அதை 5 ரிங்கிட் 74 சென் என 2020 பிப்ரவரியில் குறைத்தார்கள்; மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரி முதலே இல்லை. கொடுக்காதவனைத் தடுத்து நிறுத்த முடிவதால்தான் கட்டணம் வசூலாகிறது. பினாங்குத் தீவின் வடமேற்கு முனையில் உள்ள முக்கா ஹெட் கலங்கரை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் வரும் கப்பலிடம் விளக்குக் கட்டணம் வாங்கலாம். மலாக்கா நீரிணையில் நேரே போய்விடும் கப்பலிடம் வாங்க வழியில்லை, அதற்காக விளக்கை அணைக்கவும் முடியாது. இப்படி யாரையும் விலக்க முடியாததும், ஒருவர் பயன்படுத்துவதால் அடுத்தவருக்குக் குறையாததும் பொதுப்பண்டம். அதன் செலவுக்கு வரிதான் வேண்டும்.

ஆகவே டோலுக்குச் ‘சாலைக் கட்டணம்’, பாலத்துக்குப் ‘பாலக் கட்டணம்’ என்பதே பொருத்தம். கஸ்தமுக்குச் சுங்கம் இருக்கட்டும். தனித்தமிழ் வேண்டுவோர்க்கு ‘ஆயம்’ உண்டு. ‘சுங்கவரி’ என்பது கூறியது கூறல், ‘நடுசென்டர்’ மாதிரி. எக்சைஸுக்கு, அதாவது உள்நாட்டு உற்பத்தியின் மேல் போடும் வரிக்கு, தமிழ்நாட்டில் வழங்கும் ‘கலால்’, சாராயம் காய்ச்சுபவரைக் குறித்த இந்துஸ்தானிச் சொல். ‘ஆயத்தீர்வை’ எவ்வளவோ மேல்.

சொல்லைக் கலந்தால் கணக்கும் கலங்கும். இறக்குமதிச் சுங்கம் என்பது பொருளின் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த மதிப்பின் மேல் போடுவது. விற்பனை வரியோ அந்த மதிப்போடு சுங்கத்தையும் கூட்டிய தொகையின் மேல். மதிப்பு 1,000 ரிங்கிட், சுங்கம் 20 விழுக்காடு, விற்பனை வரி 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், சுங்கம் 200, விற்பனை வரி 1,200இல் பத்தில் ஒன்று, 120. மொத்தம் 320. இரண்டையும் ‘வரி’ என்றே எழுதிவைத்து, முப்பது விழுக்காடு என ஒன்றாகக் கூட்டி 300 போடுகிறவர்களுக்குத்தான் கிளியரன்ஸ் மேசையில் 20 ரிங்கிட் இடிக்கும். வெளிநாட்டிலிருந்து விமானக் கூரியரில் வரும், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இணையக் கொள்முதலில் இந்தச் சிக்கல் இல்லை: அதற்குச் சுங்கம் கிடையாது, 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி மட்டும், அதுவும் விற்பவரின் பில்லிலேயே சேர்ந்துவிடுகிறது.