ஃபுட்பாத்: இங்கிலாந்துக் கிராமத்து நடைவழி

சென்னையிலோ மதுரையிலோ ‘ஃபுட்பாத்’ என்றால் சாலையோரம் கல் பதித்து உயர்த்திய இடம். பிளாட்பாரம் என்றும் சொல்வோம், எழுத்தில் நடைபாதை என்போம். அந்தப் பொருளை மனதில் வைத்துக்கொண்டு, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றைச் சுற்றி ஓடுவதற்கான வழிக்குறிப்பைப் படித்தால் முதல் வரியிலேயே குழம்பிவிடுவோம். தேவாலயத்துக்குப் பின்னால் ஃபுட்பாத்தில் இறங்கு, கோதுமை வயலைக் குறுக்கே கட, இரண்டாவது ஸ்டைலை (வேலிப் படியை) தாண்டி மாடு மேயும் புல்வெளி ஓரமாக ஓடு என்று அது போகும். கோதுமை வயலுக்குள் பிளாட்பாரம் ஏது?

இங்கிலாந்தில் சாலையோர நடைமேடைக்குப் பேச்சில் ‘பேவ்மென்ட்’ என்று பெயர். சட்டத்தில் அது ‘ஃபுட்வே’. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது. வண்டிச் சாலையின் ஓரத்தில் அதன் பகுதியாக இருப்பது ஃபுட்வே. சாலையோடு ஒட்டாமல் தனித்துப் போவதும், காலால் செல்ல மட்டும் பொதுமக்களுக்கு உரிமை உள்ளதுமான வழி ஃபுட்பாத். இதைவிட வியப்பான செய்தி, இரண்டு முழ அகலப் புல்தடமும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ‘ஹைவே’ என்பதுதான். பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள வழி எதுவும் அங்கே ஹைவே. அந்தச் சொல்லைக் கண்டவுடன் ‘நெடுஞ்சாலை’ என்று எழுதிவிட்டால், வயல் நடுவே நான்குவழிச் சாலை வந்துவிடும். நம் மொழிபெயர்ப்புகளில் இந்தப் பிழையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். பொதுவழி என்றால் போதும்.

சொல்லின் பிறப்பு எளிமையானது. ‘ஃபுட்’, ‘பாத்’ இரண்டுமே பழைய ஆங்கிலச் சொற்கள். மனிதர்கள் மிதித்து மிதித்து உண்டான வழி என்பதே அடிப்பொருள். நம் ‘ஒற்றையடிப்பாதை’யும் அதே காட்சியைத்தான் சொல்கிறது. ஆனால் ஒற்றையடிப்பாதை என்பது தரையின் தோற்றத்தைச் சொல்லும் சொல். ஃபுட்பாத்துக்குள் உரிமை என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. தரையில் சுவடே இல்லாமல் புல் மூடிக் கிடந்தாலும் அது ஃபுட்பாத்தான். நன்றாக மிதிபட்ட தடமாக இருந்தாலும் உரிமை இல்லையென்றால் அது ஃபுட்பாத் ஆகாது. அந்த உரிமையைச் சுமக்கும் தமிழ்ச் சொல்தான் நமக்கு வேண்டும்.

அது நம் கிரயப் பத்திரங்களிலேயே இருக்கிறது. நிலம் விற்கும்போது நான்கெல்லை சொல்லி முடித்து, ‘மாமூல் நடைவழி, வண்டிவழிப் பாத்தியம் உட்பட’ என்று எழுதுவார்கள். அடுத்தவர் நிலத்தின் மேல் நடந்துபோக இந்த நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்று பொருள். இந்தப் பத்திரத் தமிழுக்குப் பின்னால் உள்ள சட்டமும் ஆங்கிலேயர் கொண்டுவந்ததே. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. ஒரு வழியை வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு 20 ஆண்டு பயன்படுத்தினால் அந்த உரிமை நிலைபெறும் என்கிறது அது. இங்கிலாந்தின் 1980 சட்டமும் ஃபுட்பாத்துக்கு அதே 20 ஆண்டைத்தான் சொல்கிறது. அத்தனை காலம் பொதுமக்கள் தடையின்றி நடந்திருந்தால், நிலத்துக்காரர் அதைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளப்படும். அப்படி விடும் எண்ணமே தனக்கு இல்லை என்பதற்கு அவர் சான்று காட்டினால் மட்டும் விலக்கு.

இங்கே ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. நம் பத்திரத்து நடைவழி பக்கத்து நிலத்துக்காரருக்கு மட்டும் உரியது. இங்கிலாந்து ஃபுட்பாத் எவருக்கும் உரியது. மான்செஸ்டரிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் முன்பின் தெரியாத ஓட்டக்காரருக்கும் அதில் ஓட உரிமை உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிலம் உழவருடையது, கடந்துபோகும் உரிமை ஊருக்கெல்லாம். ஆகவே ஃபுட்பாத்துக்கு ‘பொது நடைவழி’ என்றும், அதன் பின்னுள்ள உரிமைக்கு ‘வழியுரிமை’ என்றும் சொல்லலாம். பத்திர வழக்குப் பிடிக்குமென்றால் வழிப் பாத்தியம்.

டார்பிஷயரில் உள்ள ஈடேல் கிராமத்தைப் பார்த்தால் இந்த வழிகள் எதற்காகப் பிறந்தன என்று விளங்கும். ஊரில் தேவாலயம் இல்லாத காலத்தில், இறந்தவரின் பெட்டியைத் தோளில் சுமந்து ஹாலின்ஸ் கிராஸ் என்ற மலைமுதுகைக் கடந்து அடுத்த பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பிறகு ஈடேலில் பஞ்சாலை வந்தபோது, அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள காஸில்டனிலிருந்து வேலையாட்கள் அதே முதுகைத் தாண்டி வேலைக்கு வந்தார்கள். இன்று ஞாயிறு காலைகளில் அங்கே ஓடுகிறவர்களின் கால் படுவது அந்த வழியில்தான். ஓடுவதற்கென்று எவரும் போட்ட பாதை அல்ல அது.

இப்படிப்பட்ட வழிகள் காலத்தோடு அழிந்துபோகாமல் காத்தது வரைபடம். 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டம், ஒவ்வொரு பகுதியின் நிர்வாகமும் தன் எல்லைக்குள் உள்ள பொதுவழிகளை அளந்து ‘டெஃபினிட்டிவ் மேப்’ என்ற சான்று வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. அதில் ஏறிய வழிக்கு வேறு சாட்சி வேண்டாம். இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் பதிவான பொதுவழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். நம் ஊர்ப் புலப்படத்தில் வண்டிப்பாதை புறம்போக்கு என்று காட்டப்பட்டிருப்பதை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே நிலம் புறம்போக்கு அல்ல, பெரும்பாலும் தனியார் பட்டாதான்.

அந்த உரிமைக்கு வலு எவ்வளவு என்பதை உழவுக் காலத்தில் பார்க்கலாம். வயலின் குறுக்கே நடைவழி போனால் அதையும் சேர்த்து உழ உழவருக்கு அனுமதி உண்டு. ஆனால் விதைப்புக்காக முதலில் மண்ணைக் கிளறிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் வழியை மட்டப்படுத்தி, தரையில் கண்ணுக்குத் தெரியும்படி மீட்டுத் தர வேண்டும். அகலம் குறைந்தது 1 மீட்டர். பயிர் வளர்ந்த பிறகும் அந்த அகலம் திறந்திருக்க வேண்டும். மே மாதத்தில் போனால் இடுப்பளவு கோதுமைக்கு நடுவே, வகிடு எடுத்தது போல ஒரு கோடு எதிர்வேலி வரை நேராக ஓடும். அதில்தான் ஓட வேண்டும். வயலோரமாகப் போகும் நடைவழியை உழவே கூடாது.

ஓட்டக்காரர் அறிய வேண்டிய அடுத்த சொல் ‘பிரைடில்வே’. பிரைடில் என்றால் கடிவாளம். குதிரையில் போகவும் குதிரையை நடத்திப் போகவும் உரிமை உள்ள வழி இது. காலால் போகிறவருக்கும் உரிமை உண்டு. 1968 முதல் சைக்கிளுக்கும் உண்டு, ஆனால் சைக்கிள்காரர் மற்றவருக்கு வழிவிட வேண்டும். குதிரைவழி என்ற தமிழ் பொருத்தமாகவே இருக்கிறது. வழியோரத்து அம்புக்குறிகளில் நடைவழிக்கு மஞ்சள், குதிரைவழிக்கு நீலம். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு வரைபடத்தில் இரண்டும் பச்சைக் கோடுகள். குட்டைக் கோடு நடைவழி, நீளக் கோடு குதிரைவழி. மழைக்காலத்தில் குதிரைவழி குளம்பு பட்டுக் கலங்கிச் சேறாகிவிடும்; ஒவ்வொரு அடியிலும் காலணியில் களிமண் ஏறும். அதனால் ஓடுகிறவர்கள் நிறத்தைப் பார்த்தே வழியைத் தேர்வார்கள்.

வேலி வரும் இடத்தில் ‘ஸ்டைல்’. மாடு ஆடு போகாமல் ஆள் மட்டும் ஏறி இறங்குவதற்கான மரப்படியோ கற்படியோ இது. ஏறுதல் என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த பெயர். நாகரிகத்தைக் குறிக்கும் ஸ்டைலுக்கும் இதற்கும் உறவில்லை. தமிழில் ‘கடவை’ இருக்கிறது. கடத்தல் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லை இலங்கையில் பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்று நாள்தோறும் புழங்குகிறார்கள். வேலிக் கடவை என்றால் ஸ்டைலுக்கு அப்படியே பொருந்தும். சில இடங்களில் கடவைக்குப் பதில் ‘கிஸ்ஸிங் கேட்’. அரைவட்ட வேலிக்குள் ஒரு கதவு அங்குமிங்கும் அசையும். உள்ளே நுழைந்து, ஓரமாக ஒதுங்கி, கதவை நம்மைத் தாண்டித் தள்ளிவிட்டு மறுபக்கம் வெளியேற வேண்டும். மாட்டின் உடம்பு அதற்குள் திரும்பாது. இதை முத்தக் கதவு என்று பெயர்ப்பது வாசகரை வேறெங்கோ கொண்டுபோகும். ஆள்வழிக் கதவு என்று செயலைச் சொல்வதே மேல். வழி பிரியும் இடத்தில் நிற்கும் ‘ஃபிங்கர்போஸ்ட்’டுக்குச் சொல் தேடவே வேண்டாம், நம்மிடம் கைகாட்டி மரம் இருக்கிறது. பிரியும் வழிக்கே சங்கத் தமிழில் ‘கவலை’ என்று பெயர்.

இருபுறமும் ஹாதார்ன் முள்வேலி உயர்ந்து நிற்க நடுவே போகும் ‘லேன்’ என்பதைச் சந்து என்று எழுதுகிறார்கள். சந்தில் வீடுகள் இருக்கும், இங்கே வேலிதான் இருக்கும். கொங்குநாட்டில் கிளுவை வேலிகளுக்கு நடுவே போகும் வழியை இட்டேரி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் வேலிகளுக்கு இடைப்பட்ட வழி ஒழுங்கை. இந்த இரண்டு சொற்களில் எதை எழுதினாலும் இங்கிலாந்து லேன் கண்முன் வந்து நிற்கும். இவற்றைத் தள்ளிவிட்டுச் ‘சந்து’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது நமக்கு இழப்பு.

கடைசியாக ‘டிரெயில்’. ஓட்ட உலகில் இன்று எங்கும் கேட்கும் சொல் இதுதான். இழுத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் தரையில் இழுபடும் ஆடை நுனி, பிறகு எதுவும் போனபின் மிஞ்சும் சுவடு, வேட்டைநாய் மோப்பம் பிடிக்கும் தடயம். காட்டுவழி என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் வேரூன்றியது. சுவடும் வழியும் ஒரே சொல்லில் அடங்குவது நம் ‘தடம்’ போலவே. கால்தடமும் தடம், வழித்தடமும் தடம். ஆனால் டிரெயில் ரன்னிங்கைத் தடவோட்டம் என்றால் தடகளத்தின் வட்டப்பாதை நினைவுக்கு வந்துவிடும். கொங்கு வழக்கில் ஒற்றையடிப்பாதைக்குக் கொடித்தடம் என்று பெயர். கொடித்தட ஓட்டம் என்பதே என் தேர்வு. டிரெயிலில் வழியுரிமை என்ற பொருள் கிடையாது, அதனால் ஃபுட்பாத்துக்கும் டிரெயிலுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போடக் கூடாது.

ஈடேலுக்கு மேலே உள்ள கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் நடைவழி என்ற சொல் போதாமல் போகிறது. 636 மீட்டர் உயரம், கரிய சதுப்பு மண். வேட்டையாடப்படும் பறவைகளுக்காக மூடிவைத்திருந்த அந்த நிலத்தில் 1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர் அத்துமீறி ஏறினார்கள். அவர்களை வழிநடத்திய பென்னி ராத்மன் உள்ளிட்ட ஐவர் சிறை சென்றார்கள். பிறகு 2000ஆம் ஆண்டின் சட்டம் மலை, மேட்டுப்புல், பொதுநிலம் ஆகியவற்றில் வரைபடத்தில் குறித்த பகுதிகளுக்குள் நடைவழியை விட்டு விலகியும் காலால் திரியும் உரிமையைத் தந்தது. அங்கே ஓடுவதற்கு மலை என்று பொருள்படும் நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) சொல்லிலிருந்து வந்த ‘ஃபெல் ரன்னிங்’ என்று பெயர், தமிழில் மலையோட்டம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு போய்வர எவருக்கும் உரிமை உண்டு. ஆகையால் இங்கே சொன்ன பொருளில் ‘பொது நடைவழி’யை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் வைத்துக்கொள்வது சரி.