தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்காதீர்கள்

பெரும்போக நெல் அறுவடை முடியும் காலத்தில், முகம் கறுத்துவிட்டது என்று என் சித்த மருத்துவ நிலையத்துக்கு வருவோர் தொகை கூடிவிடும். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் மட்டக்களப்பின் உச்சிக்கு நேரே வருகிறது. காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை புற ஊதாக் கதிர்களின் கடுமை உச்சத்தில் இருக்கும். அவற்றுள் ஒரு வகை மேல்தோலைச் சுடுகிறது. மற்றொன்று ஆழமாக இறங்கி, தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் நார்களைச் சிதைக்கிறது. தோணியில் போகிறவர்களின் பிடரியில் வயதுக்கு முன்பே விழும் ஆழமான சுருக்கங்கள் அதனால் வருபவைதான்.

கறுப்பைப் போக்க வேண்டி என்னிடம் வருவோரில் பலர் ஏற்கெனவே தேசிக்காய் (எலுமிச்சை) சாற்றைப் பூசிப் பார்த்திருப்பார்கள். தேசிக்காயில், சிறப்பாக அதன் தோலில், பியூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது தோலில் படிந்திருக்கும்போது வெயில் பட்டால், ஓரிரு நாட்களில் அந்த இடம் சிவந்து கொப்புளித்து, பின்னர் பல வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில், கறுத்தே கிடக்கும். ஊறுகாய்க்காகத் தேசிக்காய் வெட்டி முற்றத்து வெயிலில் பரப்பிய ஓர் அம்மாவின் கையில், சாறு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழிந்த தடம் அப்படியே கபிலக் கோடுகளாகப் பதிந்திருந்தது. அடுப்பில் சுட்டுக்கொண்டதாகவே வீட்டார் நினைத்திருக்கிறார்கள். வெண்புள்ளிக்கு நாங்கள் கொடுக்கும் கார்போகரிசி என்ற மூலிகை விதையிலும் இவ்வினத்தைச் சேர்ந்த சோரலென் உள்ளது என்பதால், அது கலந்த குளியல் பொடியை மாலையில் மட்டும் தேய்த்து, நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

வெயிலில் காந்திய தோலுக்குக் கற்றாழை நல்ல ஆறுதல் தரும். மடலை வெட்டிச் சற்று நேரம் நிமிர்த்தி வைத்து, அரிப்பை உண்டாக்கும் மஞ்சள் பாலை வடியவிட்ட பின்னர், உள்ளிருக்கும் சோற்றை மட்டும் கழுவிப் பூசுங்கள். வல்லாரையிலுள்ள ஆசியாட்டிகோசைடு என்ற பொருள் கொலாஜன் உருவாக உதவுகிறது. அதற்காக, வல்லாரைச் சம்பல் சாப்பிட்டால் சுருக்கம் மறையும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். மஞ்சள், சந்தனம், தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றுக்கும் அவற்றுக்குரிய பயன்கள் உண்டெனினும், வெயிலைத் தடுக்க அவற்றை நம்ப முடியாது.

தடுப்பதற்கு முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் வேண்டும், முகத்துக்கு எஸ்.பி.எஃப் (வெயில் காப்பு அளவு) 30 குறியிட்ட சன்ஸ்கிரீன் வேண்டும். தாராளமாகப் பூசினால் சுடும் கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தை அது தடுக்கும் என்றாலும், வியர்வையில் கரைந்துவிடுவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். சித்த மருத்துவர் இதைச் சொல்வதா என்று சிலர் வியப்பதுண்டு. கடற்கரை மணலில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கு மருத்துவ முறை பேதம் தெரியாது.

மூலிகை என்ற பெயருடன், உள்ளடக்கம் எழுதப்படாத குப்பிகளில் விற்கப்படும் வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருப்பதுண்டு. ஒரு வாரத்திலேயே முகம் பளிச்சென்று வெளுத்தால் ஐயப்பட வேண்டும். பூசுவதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் வாருங்கள். வரும்போது அந்தக் குப்பியையும் எடுத்து வாருங்கள்.