லிம்ஃபோமா: கட்டியா, புற்றா?

காட்பாடியில் பக்கத்து வீட்டு ஆயா எங்கள் நாயின் தாடைக்கடியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, ரெண்டு பக்கமும் நெறி கட்டிக்கினு கீதே" என்றார். நெல்லிக்காய் அளவு, ரப்பர் மாதிரி கெட்டி. அழுத்தினாலும் நாய் முனகவில்லை. சோறும் வழக்கம்போலத் தின்றது. ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்ததில் வந்த பெயர் லிம்ஃபோமா.

'லிம்ஃபா' என்றால் இலத்தீனில் தெளிந்த நீர். உடலுக்குள் ஓடும் நிணநீருக்கும் அதுவே பெயராயிற்று. '-ஓமா' கிரேக்க விகுதி. கட்டி என்று பொருள். 1622-இல் இத்தாலியரான காஸ்பாரே அசெல்லி, வயிறாரத் தின்ற ஒரு நாயை அறுத்தபோது குடலை ஒட்டி வெள்ளை இழைகளைக் கண்டார். நரம்பென்று நினைத்து ஒன்றை வெட்ட, பால்போல நீர் வழிந்தது. குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து போகும் நிணநீர்க் குழாய்கள் அவை. ஆக, இந்த நோயின் பெயருக்குள் இருக்கும் நீரை ஐரோப்பியருக்கு முதலில் காட்டியவற்றில் ஒரு நாயும் உண்டு!

தமிழில் 'நிணம்' என்றால் கொழுப்பு. சங்கப் பாடல்களில் ஊனோடு சேர்ந்தே வரும். இலத்தீன் சொல் தெளிவைப் பார்த்தது, நம் 'நிணநீர்' கொழுப்பைப் பார்த்தது. அசெல்லி கண்ட பால்நிறத்துக்கு நம்முடையதே பொருத்தம் என்பேன்.

'-ஓமா'வை அப்படியே பெயர்த்து 'நிணநீர்க் கட்டி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டி என்றால் நம் ஊரில் பத்துப் போட்டு, பழுக்கட்டும் என்று காத்திருப்பார்கள். இதுவோ வெள்ளணுக்களில் ஒருவகை கட்டுக்கடங்காமல் பெருகும் நோய். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றிரண்டு மாதமே. 'நிணநீர்ப் புற்றுநோய்' என்பதே சரி.

பாடநூல்கள் 'நிணநீர் முடிச்சு' என்கிற உறுப்பு வீங்குவதைத்தான் ஆயா 'நெறி கட்டுவது' என்றார். கால் புண்ணுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டாதவர் யார்? நாய்க்கும் பல் சீழ், உண்ணிக் காய்ச்சல் என்று பல காரணங்களால் நெறி கட்டும். தாடை, தோள் முன்பக்கம், பின்முழங்கால் மடிப்பு என்று எல்லா இடத்திலும் வலியில்லாமல் ஒன்றாகக் கட்டினால்தான் புற்றுச் சந்தேகம் வலுக்கும். அதை உறுதி செய்யுமுன் ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் வடியும். சோதனை குழம்பும், பின்னால் கீமோவும், அதாவது புற்றுக்கான மருந்துச் சிகிச்சையும், சரியாகப் பிடிக்காது. முறையான கீமோவில் பெரும்பாலான நாய்களுக்கு நோய் அடங்கும், ஆனால் அநேகமாகத் திரும்பி வரும். ஓராண்டு வாழ்வதே நல்ல கணக்கு.

அந்த மருந்துகளில் ஒன்றான வின்கிரிஸ்டின், ஆயா வீட்டு வாசலில் பூத்திருக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. நாங்கள் சுடுகாட்டு மல்லி என்போம். மூட்டை மூட்டையாக இலையைக் காய்ச்சினாலும் துளிதான் கிடைக்கும். ஆயாவிடம் இதைச் சொன்னதும் இலை பறிக்கக் கிளம்பிவிட்டார். அது நஞ்சு, அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள் என்று கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.