பாம்பனில் உள்வாங்கும் கடலும் ஓர் ஈர்ப்புக் கணக்கும்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பாம்பனிலோ ராமேசுவரத்திலோ கடல் உள்வாங்கியது என்றும், நாட்டுப்படகுகள் தரைதட்டி நின்றன என்றும் செய்தி வருவதுண்டு. 2004ஆம் ஆண்டுச் சுனாமியை மறவாதவர்கள் கலங்குவது இயல்பே. ஆயினும் அது பெரும்பாலும் வழக்கமான ஓதத்தின், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதன், வற்றமே. நிலவு இழுப்பதால் ஓதம் உண்டாகிறது என்று பள்ளியில் படித்த விடை பாதிதான் சரி என்பதை ஒரு கணக்குப் போட்டாலே கண்டுகொள்ளலாம்.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட விதிப்படி, இரு பொருள்களுக்கு இடையிலான ஈர்ப்பு விசை அவற்றின் நிறைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். இதன் மாறிலியோ மிகச் சிறியது, 6.67ஐப் பத்தாயிரம் கோடியால் வகுத்தால் வருவது. தலா 5 டன் நிறையுள்ள இரு படகுகள் 10 மீட்டர் இடைவெளியில் நின்றால், அவை ஒன்றையொன்று இழுக்கும் விசை சுமார் 1.7 மில்லிகிராம் எடைக்குச் சமம். ஓர் அரிசியின் எடைகூட இல்லை.

இனி, ஆடி அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் நீராடும் 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 3,84,400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலவு அவரை 0.2 கிராம் எடையளவு விசையால் இழுக்கிறது. ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சூரியனின் இழுப்போ 36 கிராம், அதாவது நிலவினுடையதைப் போல் சுமார் 180 மடங்கு. இழுப்புதான் ஓதத்தை உண்டாக்குகிறது என்றால் கடல் நிலவைப் பொருட்படுத்தவே வேண்டியதில்லையே!

இங்கேதான் கணக்கு சுவைபெறுகிறது. பூமியும் கடலும் நீராடுபவரும் ஒருசேர இழுக்கப்படுவதால் அந்த 36 கிராம் எவருக்கும் புலப்படுவதில்லை. நீரை அசைப்பது, நிலவை நோக்கிய பக்கத்தின் மீதான இழுப்புக்கும் பூமியின் மையத்தின் மீதான இழுப்புக்கும் உள்ள வேறுபாடே. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். நிலவு அருகில் இருப்பதால் அந்த ஆரத்தளவு நெருங்கினாலே அதன் இழுப்பு சுமார் 3.3 விழுக்காடு கூடுகிறது. சூரியனிடம் அதே நெருக்கம் 0.01 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. அதே 60 கிலோகிராம் நிறைக்கு இந்த வேறுபாட்டை மில்லிகிராமில் சொன்னால், நிலவின் பங்கு 6.7, சூரியனின் பங்கு 3.1. எதிர்ப்பக்கத்தில் மையத்தைவிட நீர் குறைவாக இழுக்கப்பட்டுப் பின்தங்குவதால் அங்கும் ஒரு மேடு எழுகிறது. ஆகவேதான் பொதுவாக நாளுக்கு இருமுறை ஏற்றம்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இவ்விரு பங்குகளும் கூடி 9.8 ஆகின்றன, அட்டமியை ஒட்டி ஒன்றையொன்று குறைக்கின்றன. ஆனால் இக்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயரம் ஒரு மீட்டரை எட்டுவதில்லை. அவ்வளவு குறைந்த வற்றத்திலும் தரை நெடுந்தூரம் வெளிப்படுவதற்குக் காரணம் பாக் நீரிணைப் பக்கத்துக் கடலின் ஆழமின்மை. கரையிலிருந்து காற்றும் சேர்ந்து நீரைத் தள்ளும் நாளில்தான் படகுகள் மணலில் சாய்கின்றன.