நோன்பும் விரதமும் பயிற்சியாளரிடம் மறைக்க வேண்டியவை அல்ல

ரமலான் மாதத்தில் தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல் என்று என்னிடம் வரும் இளம் கால்பந்து வீரர்களில் பலர், "நோன்பு வச்சிருக்கேன், கோச்சுகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சொன்னால் அணியில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். எனக்குக் கவலை தருவது நோன்பைவிட இந்த மறைப்புதான்.

நோன்போடு உச்சத்தில் ஆட முடியாது என்பது சரியல்ல. 1995 பிப்ரவரி ரமலான் மாதமாக இருந்தது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணியின் ஹகீம் ஒலாஜுவான் நோன்பிருந்து ஆடி, அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வானார். 2021 ஏப்ரலில் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி, கிரிஸ்டல் பேலஸ் கால்பந்து அணிகளின் ஆட்டத்தின் நடுவே லெஸ்டர் வீரர் வெஸ்லி ஃபோஃபானா நோன்பு திறக்க இரு அணிகளும் ஒத்துழைத்தன. எதிரணி கோல்கீப்பர் பந்தை உதைக்காமல் சற்று நின்றார், அவ்வளவுதான். பிரான்ஸ் கால்பந்துக் கூட்டமைப்போ, 2023இல் இதற்காக ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்று நடுவர்களுக்குச் சொன்னது. ஒரு வாய் தண்ணீருக்கும் ஒரு பேரீச்சம்பழத்துக்கும் இத்தனை பிடிவாதம் எதற்கு என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

நம் ஊரில் சிக்கல் வேறு. இங்கே பயிற்சி பெரும்பாலும் காலை 6 மணிக்கு. நோன்பாளிக்கு இதைவிட மோசமான நேரம் இல்லை. அப்போது வியர்வையில் போகும் தண்ணீரை மஃரிப் வரை, அதாவது சூரியன் மறைந்து நோன்பு திறக்கும் வரை, ஈடுகட்ட வழியில்லை. கடினமான பயிற்சியை நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து வையுங்கள். முடியாவிட்டால், நோன்பு திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் லேசான பந்துப் பயிற்சி போதும்.

சஹரில், அதாவது விடியுமுன் சாப்பிடும் நேரத்தில், ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பதில் பயன் குறைவு, பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். மாலையிலிருந்து சஹர் வரை பிரித்துக் குடியுங்கள். அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த நோன்புக் கஞ்சி விளையாடுபவருக்கு அருமையான உணவு. அதை ஒரு கிண்ணத்தோடு நிறுத்திவிட்டு சமோசாவில் வயிற்றை நிரப்புவதுதான் கெடுக்கிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 60 கிலோ எடை உள்ளவர் 1.2 கிலோவுக்கு மேல் இழந்திருந்தால், அது உடலின் 2 சதவீதம். மறுநாள் பயிற்சியைக் குறைக்க வேண்டும். தூக்கமும் முக்கியம். இரவில் தராவீஹ் தொழுகை, விடியுமுன் சஹர் என்று உடைந்துபோவதைப் பகலில் அரை மணித் தூக்கம் ஓரளவு சரிசெய்யும்.

வெயிலில் ஆடும்போது உளறல், தள்ளாட்டம் தெரிந்தால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஆம்புலன்ஸுக்கு 108ஐ அழையுங்கள். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பை விட்டுப் பிறகு நிறைவேற்ற மார்க்கத்திலேயே சலுகை உண்டு. மற்ற ஐயங்களுக்கு உங்கள் ஆலிமை (மார்க்க அறிஞரை) கேளுங்கள். இன்சுலின் போடும் வீரர்கள் மட்டும் நோன்பு தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்தே தீர வேண்டும்.

கார்த்திகையில் மாலை போடும் கபடி வீரர்களுக்கும் இது பொருந்தும். ஒரு வேளைச் சாப்பாடு என்றால் பயிற்சி நேரத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும். செருப்பில்லாமல் நடக்கும் பாதத்தில் கொப்புளமோ முள்ளோ இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். முட்டை, கறியை விட்டவர் பருப்பும் சுண்டலும் தயிரும் கூடுதலாகச் சாப்பிட வேண்டும்.

பயிற்சியாளர்களே, பருவம் தொடங்கும்போதே எல்லோரிடமும் பொதுவாக ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "இந்த வருஷம் யாருக்கெல்லாம் நோன்பு, விரதம், எப்போது?" தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால் பையன் இல்லை என்றுதான் சொல்வான்.